புளிப்பு தின்ற வாளி

ஊரைப் பிடித்த ஜப்பானியர் போருக்கென்று பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் அள்ளிச் சென்றபின், காஜா பெராங் ஊர்க் கஞ்சிக் கொட்டகைக்கு மிஞ்சியது துத்தநாகம் பூசிய ஒரு கிணற்று வாளி. கொட்டகையை நடத்திய அப்பாசாமிதான் அதை அங்கே சமைத்த பொன்னம்மாவிடம் தந்து, ரசம் வைக்கச் சொன்னார். ஊர்ப்புளி கப்பலில் வந்து எத்தனையோ காலமாயிற்று. அதற்குப் பதிலாக, வேலியோரத்தில் காய்த்த கடும்புளிப்பான பிளிம்பிங் காய்களை இடித்து, மாலையிலேயே வாளியில் ஊறப்போட்டாள். காலையில் அதிலேயே கொதிக்கவிட்டாள்.

குடித்தவர்கள் உச்சிப்பொழுதுக்குள் குடல் புரள வாந்தியெடுத்தார்கள். பரிமாறியவளுக்கு ரசம் மிஞ்சவில்லை. அவள் மட்டும் தப்பினாள். அதுவே குற்றமாயிற்று.

"தாலியறுத்த கைய அடுப்புல விட்டா வேற என்ன ஆகும்?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயா.

பொன்னம்மாவின் கணவன் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய் மாண்டவன். சமைப்பவளுக்கு ஒரு பங்கு கஞ்சி என்பது கொட்டகையின் ஏற்பாடு. அடுப்பை இழந்தால் அந்தப் பங்கும் போகும். அழவும் தெம்பின்றி வாளியைச் சாம்பலிட்டுத் தேய்த்தவள், சட்டென்று கையை நிறுத்தினாள். ரசம் நின்ற மட்டத்துக்கு மேலே பூச்சு பளபளத்தது. கீழே சொரசொரத்துக் கறுத்திருந்தது. இரும்பைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகம், புளிப்பில் கரைந்து மனிதர் வயிற்றுக்குள் போயிருந்தது.

"தடவிப் பாருங்கண்ணே. பூச்சத்தான் குடிச்சிருக்காங்க."

அப்பாசாமி தடவினார். முகம் கறுத்தது. "புரியுதும்மா. ஆனா ஜனங்க வாய மூட முடியுமா? கொஞ்ச நாள் ஒதுங்கி இரு."

"வாளி குடுத்தது நீங்க. ஒதுங்குறது நானா?"

நஞ்சைக் கலந்தது வாளி. பழியைச் சுமந்தது வளையலற்ற கை! இரும்புக்குத் துரு பிடிக்காதிருக்கப் பூச்சு கண்ட உலகம், மனிதர் மூளைக்கு எதைப் பூசும்?

மறுநாள் அவள் யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டு மண்சட்டியைக் கொட்டகை அடுப்பில் ஏற்றி, அதே காயை இட்டு, அதே கையால் ரசம் வைத்தாள். எல்லோர் முன்னும் முதல் சிரட்டையைத் தானே குடித்துவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் எப்போது வாந்தியெடுப்பாள் என்று வரிசை காத்திருந்தது. வெயில் ஏறியது. ரசம் ஆறியது. பசி ஆறவில்லை.

முதலில் சிரட்டையை நீட்டியவள் ஜெயா. முகத்தைப் பார்க்காமலே குடித்தாள்.

"உப்பு கம்மி."

"ஜப்பான்காரன்கிட்டப் போய்க் கேளு."

யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. பொன்னம்மாவுக்கு வென்றதாகத் தோன்றவில்லை, கை வலித்தது. அகப்பையை மறு கைக்கு மாற்றி ஊற்றத் தொடங்கினாள். வாளியை, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, மறுபடியும் கிணற்றுக் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.