பின்படிக்கட்டுப் பூட்டு

காலை ஏழு மணிக்கே நான்காவது மாடிச் சமையலறையில் ஆறு கெட்டில்கள் இரண்டு அடுப்புக்காக வரிசையில் நின்றன. சுவரில் ஒட்டியிருந்த முறைப்பட்டியலை ஐஜார்கின் பார்த்தாள். இன்றைக்கு மேடை துடைக்க வேண்டியவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. போய்க் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு மாதமாகத் தட்டியும் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் அவள் தயங்கித்தான் கையைத் தூக்குவாள்.

நரின் மலைப்பக்கத்திலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்குப் படிக்க வந்தவள் அவள். வந்த புதிதில் அவளுடைய மலைப்பேச்சைக் கேட்டு வகுப்பின் பின்வரிசை ஒருமுறை சிரித்தது. அதோடு வாய்க்குப் பூட்டுதான். ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் தொண்டை வரை வரும், அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் மாணவிகள் விடுதியில் மாடித் தலைவி ஆனதே ஒரு கூத்து. செப்டம்பர் கூட்டத்துக்குப் பிந்தி வந்ததால் உட்கார நாற்காலி இல்லை. யாரும் கை தூக்காத எரிச்சலில் வார்டன் சைராகான், "நிக்கிறவ யாரு? சரி, நீயே இரு" என்று பெயரை எழுதிக்கொண்டார்.

முதலில் அவள் யாரிடமும் பேசவில்லை. "சட்டியைக் கழுவவும்" என்று சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவாள். அறைத்தோழி நுர்ஜாத் கேலி செய்தே அந்தப் பழக்கத்தை ஒழித்தாள். "ஏண்டி, நீ மாடித் தலைவியா, தபால்காரியா?" பிறகு ஐஜார்கின் தட்ட ஆரம்பித்தாள். அடிப்பிடித்த சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, "இது உங்களுதா அக்கா?" என்று கேட்டதுதான் அந்த நகரத்தில் அவள் தானாக ஆரம்பித்த முதல் பேச்சு. தட்டித் தட்டி நாற்பத்தாறு பேரின் பெயரும் தெரிந்துபோனது. யாருக்கு இருட்டென்றால் பயம், யார் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை, கன்ஷாயிமுக்கு எந்தக் குளிரில் மூச்சிழுப்பு வரும் என்பதெல்லாம் தெரிந்துபோனது.

அன்று மதியம் சைராகான் ஒரு தடித்த நோட்டோடு வந்தார். பாதுகாப்புப் பயிற்சி நோட்டு. மாடியில் இருக்கும் எல்லோருக்கும் தீ விபத்துப் பயிற்சி கொடுத்தாயிற்று, இரண்டு படிக்கட்டு வழியாகவும் இறங்கிக் காட்டியாயிற்று என்று அச்சடித்திருந்தது. கீழே மாடித் தலைவி கையெழுத்திட வேண்டும். எந்த வருஷமும் எவளும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. நோட்டு வரும், பேனா வரும், கையெழுத்து விழும்.

"சீக்கிரம் போடும்மா. நாளைக்குப் பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்துலருந்து பார்க்க வர்றாங்க."

ஐஜார்கின் பேனாவை வாங்கினாள். அச்சடித்திருந்ததை ஒருமுறை படித்தாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒருத்தி வாளியில் போட்ட சூடேற்றும் கம்பியை மறந்துவிட்டுப் போனாள். திரைச்சீலை பற்றிக்கொண்டது. முன்பக்கம் புகை மண்டியதால் பெண்கள் பின்படிக்கட்டுக்கு ஓடினார்கள். அங்கே கதவில் பெரிய பூட்டு தொங்கியது. சாவி வார்டனிடம், வார்டனோ சந்தையில். பூட்டைப் பிடித்து உலுக்கியபடியே கன்ஷாயிம் மூச்சுத் திணறிச் சரிந்தாள். நுர்ஜாத் அடுப்பிலிருந்த முட்டைக்கோஸ் சூப்பை அப்படியே தீயின் மேல் கொட்டியதால் பிழைத்தார்கள். பெயர் கெட்டுவிடும் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

"அக்கா, பின்கதவு பூட்டியிருக்கே."

"பூட்டாம? போன வசந்தத்துல அந்தப் படிக்கட்டுலதானே ஒரு பொண்ணை இழுத்துக் கார்ல போட்டுக்கிட்டு, கல்யாணம்னு கொண்டுபோனானுங்க? மூணாம் நாள் மீட்டுட்டு வந்தோம். அதுக்கப்புறம் அவ படிக்கவே வரல. உங்க அம்மாமாரெல்லாம் எனக்கு போன் போட்டு, பூட்டியிருக்கானு தினம் கேக்குறாங்க." குரலைத் தாழ்த்தினார். "குளிர்கால இடப்பட்டியல் இன்னும் எழுதல. யாருக்கு அறை, யாருக்கு இல்லைனு நான்தான் எழுதணும். காலையில கையெழுத்தோட குடு."

விடுதியில் இடம் போனால் வெளியே வாடகை கட்ட வீட்டில் வழியில்லை. அப்பா மறுநாளே பேருந்து ஏறி வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். படிப்பு அதோடு முடிந்தது. அம்மாவுக்கு போன் செய்தாள். அம்மா பூட்டின் பக்கம்தான். "அது இருக்கிறதாலதான் நான் கண்ணை மூடுறேன்மா." நுர்ஜாத்தும், "போட்டுத் தொலைடி. நம்ம கையெழுத்தாலதான் இந்த ஊர் ஓடுதா?" என்றாள். காலையில் ஐஜார்கின் கையெழுத்துப் போடாமலே நோட்டை வார்டன் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி மம்பெத்தாலி இரண்டு பேரோடு வந்தார். நோட்டைப் புரட்டினார். மூன்று மாடிகளுக்குக் கையெழுத்து இருந்தது. நான்காவது மாடிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"இந்த மாடித் தலைவி யாரு?"

ஐஜார்கின் முன்னால் வந்தாள். பதில் வழக்கம்போல் தொண்டைக்கு வந்து நின்றது. இன்று அவளுக்குப் பதிலாகச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"நடந்து பார்த்துட்டுப் போடுறேன் சார்," என்றாள். குரல் உடைந்திருந்தது, மலைப்பேச்சு அப்படியே வந்தது. "ரெண்டு படிக்கட்டுலயும் இறங்கினதா எழுதியிருக்கு. வாங்க, பின்னாடி இறங்கலாம்."

வேறு வழியில்லாமல் எல்லோரும் நடந்தார்கள். போகிற வழியில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனாள். கதவுகள் திறந்து, பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். நுர்ஜாத்தும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பூட்டின் முன்னால் சைராகான் சாவிக்கொத்தைத் துழாவினார். ஒன்று நுழையவில்லை, ஒன்று சுற்றவில்லை. சரியான சாவி கிடைத்தபோது துரு பிடித்த பூட்டு திறக்க மறுத்தது. கன்ஷாயிம் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தப் பூட்டையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த மம்பெத்தாலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

சைராகானுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போறானுங்க சார். நான் ஒருத்தி என்னதான் செய்வேன்?"

"தூக்கிட்டுப் போறவனைப் பிடிச்சு உள்ள வைங்க அக்கா," என்றாள் ஐஜார்கின். "நீங்க எங்களை உள்ள வச்சுப் பூட்டுறீங்க. அவன் வெளியில நிம்மதியா சுத்துறான், நாங்க உள்ள புகையில சாகப் பார்த்தோம்." ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கீழே குழாய் வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு வைக்க வேண்டும், கீழே காவலாள் போட வேண்டும் என்று மம்பெத்தாலி எழுதிக்கொண்டார். "இப்பப் போடும்மா" என்று நோட்டை நீட்டினார்.

"எல்லாரும் இறங்கட்டும் சார்."

நாற்பத்தாறு பேரும் பெயர் சொல்லிச் சொல்லி இறங்கினார்கள். கடைசியாக அவளும் இறங்கி, முற்றத்துக் குளிரில் நின்று கையெழுத்திட்டாள். சைராகான் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உன் இடத்தை நான் வெட்டியிருப்பேன், தெரியும்ல?"

"தெரியும் அக்கா."

"வகுப்புல வாயே திறக்க மாட்டியாமே. எங்கருந்துடி வந்தது இவ்வளவு தைரியம்?"

ஐஜார்கின் நோட்டை மூடி அவரிடம் நீட்டினாள். "தைரியம்லாம் இல்லக்கா, பயமாத்தான் இருக்கு. ஆனா பொறுப்பை நீங்கதானே குடுத்தீங்க. நாற்பத்தாறு பேரையும் பேர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். தெரியாதவங்களுக்காகனா பொய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன். தெரிஞ்சவங்களை உள்ள வச்சு அதைப் போட முடியல."