எதிர்ப்பக்கத்துச் சுடுகாடு

எங்கள் தெருமுனையில் நின்றால் சுடுகாட்டு கேட் தெரியும். நடுவில் ஆவடி-பூந்தமல்லி ரோடு மட்டும்தான். மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள், ரோட்டு நடுவே இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் தடுப்பை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பருத்திப்பட்டில் செத்தவன் எப்படி அந்தப் பக்கம் போவான் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. நாசமாய்ப் போகட்டும்.

என் அப்பா வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். தெருவில் யார் செத்தாலும் முதலில் தோள் கொடுப்பார். கடைசியாக என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வண்டி கிண்டி வோணாம் அருளு. தோள்ல தூக்கினு போங்க. உங்கம்மா பக்கத்துல பொதச்சிருங்க."

பாடை தெருமுனைக்கு வந்ததும் சித்தப்பா தங்கவேல் கையைப் பிசைந்தார். "இன்னாம்மா பண்றது? அந்தாண்ட திரும்ப ரொம்ப தூரம் சுத்தணும். வண்டியக் கூப்ட்டுர்லாமா?"

"வண்டி வந்துச்சுன்னா அது முன்னாடி நான் பட்த்துக்குவேன்" என்றேன்.

"அப்ப தடுப்பு மேல தூக்கித்தான் குடுக்கணும். அந்தாண்ட நின்னு வாங்க ஆளு எங்க கீது?"

அவர் சொன்னதும் சரிதான். வாரநாள், பாதித் தெரு ஷிப்டில் இருந்தது. தூக்க நாலு பேர்தான் தேறினார்கள். பாதி வழியில் பாடையைக் கீழே வைக்கவும் கூடாது.

எங்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அம்மா போனபோது நானும் அங்கேதான் நின்றேன். இப்போது புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தடுப்பில் ஏறிக் குதித்தேன்.

"ஏய், எங்க போற?" சித்தப்பா கத்தினார்.

"எங்கப்பாவ வாங்க!"

மாடியில் குடியிருக்கும் தாட்சாயிணி, தேனியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண், "அக்கா, நானும் வரேன்" என்று குதித்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள். ஹார்ன் அடித்த லாரிக்காரனை தாட்சாயிணி கை காட்டி நிறுத்தினாள். அவன் பாடையைப் பார்த்தான், இன்ஜினை அணைத்தான்.

கால்மாட்டு மூங்கில் முதலில் தடுப்பைத் தாண்டி வந்தது. சாமந்தி என் தலையில் உதிர்ந்தது. தோளில் அப்பா இறங்கினார்.

சித்தப்பா தடுப்பேறி ஓடிவந்தார். "குடும்மா, போதும். பொம்பளைங்க திரும்புங்க."

"அப்பா தோளுதான் கேட்டாரு. ஆம்பள தோளுன்னு சொல்லல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.

தினமும் அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"சித்தப்பா," என்றேன். "எங்கம்மா எங்க கீறாங்க?"