தூசி குறைந்த ஊர்

உலகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று ஊர் ஊராக என்ன கிழித்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் பிழைப்பு. இந்த முறை இரும்பாலைக்குப் பக்கத்தில் அவர்கள் நடத்தும் காற்று அளக்கும் நிலையம். இரண்டே வருடத்தில் தூசி பாதியாகக் குறைந்துவிட்டதாம். அந்தக் கணக்கை நம்பி ஆலைக்கு இரண்டாவது உலை கட்ட அரசாங்கம் அனுமதி தரவிருந்தது. எனக்கோ ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலில் கரி ஒட்டியது.

நிலையப் பொறுப்பாளர் சின்ன வயதுப் பெண். "வாங்க மேடம், முதல்ல மெஷினைப் பாருங்க" என்று சிரித்த முகமாய் முற்றத்துக்கு அழைத்துப் போனாள். கருவியைச் சுற்றித் தரை சொதசொதவென்று கிடந்தது. வேலி நெடுகக் குழாய்கள் தண்ணீரைத் தூவிக்கொண்டிருந்தன.

"எதுக்கும்மா இது?"

"போன தடவை மதிப்பீட்டுக்கு வந்த சார், முற்றம் ஒரே தூசின்னு சுத்தத்துக்கு மார்க்கைக் குறைச்சிட்டாரு. அதுலேருந்து நாள் பூரா தண்ணி அடிக்கிறோம். பாருங்க, ஒரு பொட்டுத் தூசி இருக்காது!"

காய்ச்சல் பார்க்கச் சொன்னால் தெர்மாமீட்டரை ஐஸில் செருகி வைத்திருக்கிறார்கள். செருக வைத்ததோ எங்கள் ஆள். நல்ல லட்சணம்!

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் போன் அடித்தது. வீட்டிலிருந்து கணவர்.

"பாப்பாவுக்கு மறுபடி இழுக்குதா? மருந்தை வைங்க, வந்துடறேன்... டாக்டர் சொன்னா சொல்லட்டுங்க. காத்து சரியில்ல, வீட்டை மாத்துன்னா எப்படி? இங்க காத்து நல்லாத்தான் இருக்கு. அளக்கறவளே நான்தானே!"

கேட்க வந்ததை விட்டுவிட்டேன். "குழாயை மூடச் சொல்லும்மா" என்றேன்.

கருவியின் அளவைக் காட்டும் திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏறத் தரை காய்ந்தது. திரையில் எண்ணும் ஏறியது.

"மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்" என்றாள். மத்தியானத்துக்குள் எண் மூன்று மடங்கானது. அவளுக்கு நான் விளக்க வேண்டியது எதுவும் இல்லை. எங்கள் ஆள் குறைத்த அந்த மார்க்கை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

போனை எடுத்தாள்.

"பாப்பா துணியெல்லாம் எடுத்து வைங்க. இப்பவே உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார்.

"இல்லங்க, டாக்டர் சொல்லல. மெஷின் சொல்லுது."