முனியராஜ் பலகை வைக்காத இடம்

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் கிடைத்தது. ஏழாயிரம்பண்ணைக்கு இந்தப் பக்கம் பேருந்து நின்றுவிட்டது. கீழே ஓடைக்குள் ஒருவர் தகரப் பலகை ஒன்றைத் தண்ணீரில் சாய்த்து வைத்து, அதன் தலைமாட்டில் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார். கரையில் வயதான ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் கேட்டேன்.

"தங்கம் அரிக்காக சார். பொண்டாட்டி தாலி."

அவ்வளவுதான் சொன்னார். ஸ்டெப்னி மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. மிச்சமெல்லாம் என் கற்பனை. 'கூசாமல் சொல்கிறேன்' என்று முதலில் எழுதியிருந்தேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

2

அடித்துவிட்ட தொடக்கம்: 'ஐப்பசியின் கருமேகங்கள் கந்தக பூமியின் மேல் மெல்ல'

பிணம் கிடைக்காத வீட்டு வாசலில் நின்றுகொண்டு மேகத்தை வருணிப்பவனை என்ன செய்வது? எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பார்கள். எழுதுகிறவனுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

விஷயம் இதுதான். முனியராஜின் மனைவி மாரிசெல்வி பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். தீபாவளி சீசனின் கடைசி லோடு போகிற நேரத்தில் அந்த அறை வெடித்தது. ஆறு பேரை அடையாளம் கண்டார்கள். மாரிசெல்வி அதில் இல்லை. அவளுடைய அம்மா வள்ளித்தாயிடம் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்துப் போனார்கள், முடிவு வரவில்லை. மறுநாள் அடித்த மழையில் அறையின் சாம்பலும் மண்ணும் பின்னாலிருக்கும் ஓடைக்குள் போய்விட்டன.

உரசினால் பொறி பறக்கும் என்று கம்பெனியில் தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியை மட்டும் யாரும் கழற்றச் சொல்வதில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார்கள். ஆகவே ஓடையில் தாலி இருந்தால் மாரிசெல்வி செத்துவிட்டாள். (இந்த வாக்கியத்தை நாலு முறை மாற்றினேன். எப்படி எழுதினாலும் அதேதான்.)

3

பலகை ஜெயச்சந்திரனுடையது. விருதுநகரில் நகைப் பட்டறைச் சாக்கடை மண்ணை அரித்துப் பிழைப்பவர். பலகையை மடக்கினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். உள்ளே வரிவரியாகத் தடுப்பு, அடியில் சாக்கு. மண் ஓடிவிடும், கனமானது சாக்கில் தங்கும். எங்கே வைப்பது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

"தங்கம் சோம்பேறிண்ணே. தண்ணி எங்கன தளந்து போகுதோ அங்கன உக்காந்துக்கிடும். ஓடை வளையுதுல்ல, அதுக்கு உள்பக்கம் பலகைய வச்சு, அங்கன இருக்க மண்ண அள்ளிப் போடுங்க. உருகி உருண்டையாப் போயிருந்தாலும் அங்கனதான் கெடக்கும்."

முனியராஜ் தலையாட்டினார். மறுநாள், ஓடை நேராக, வேகமாக ஓடுகிற இடத்தில் பலகையைப் போட்டு, அங்கிருந்த மண்ணையே அள்ளிக் கொட்டினார்.

[இங்கே நான் ஒரு பிழை செய்தேன். விவரமில்லாத தொழிலாளி, தப்பான இடம், ஐயோ பாவம் என்று எழுதிக்கொண்டு போனேன். பிறகுதான் அவரைச் சந்தேகப்பட்டேன். ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள் தப்பான இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், சரியான இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.]

ஓடையின் வேலமரத்து வளைவைத் தாண்டித்தான் தினமும் போவார். அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். சாயங்காலம் சாக்கை அலசி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வரும். கம்பெனிக்குள் போன் கூடாது என்று மாரிசெல்வி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போன போனுக்கு, வீடு திரும்பியதும் சார்ஜ் போடுவார்.

4

ஆறாம் நாள் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"நாளைக்கு இந்தப் பலகைக்கு வேலை இல்ல மாப்ள," என்றார் வள்ளித்தாய். "இன்னைக்காவது அந்த வளைவுல வைங்க."

"அங்கன இருக்காது அத்தை."

"இருக்கும்னுதான வைக்க மாட்டேங்கீக."

முனியராஜ் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா மாப்ள? எம்பிள்ளைக்கு ஒருவாய்ச் சோறு வைக்க முடியல. காக்காய்க்கு வைப்போம்னு எடுத்துட்டுப் போவேன். உசுரோட இருக்கவளுக்கு வச்சிட்டா என்னாகும்னு திரும்பக் கொண்டாந்துருவேன். இருவது நாளா அந்தச் சோத்த நாந்தான் திங்கேன்."

"வச்சிட்டா அவ வரமாட்டா அத்தை," என்று சொல்லி முனியராஜ் ஓடைக்குள் நின்றபடியே அழுதார்.

5

முடிவு அ: வளைவில் தாலி கிடைக்கிறது. எழுதினேன். சாக்கில் பொட்டாக மின்னியது என்ற வரி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தி செத்தது உறுதியானதற்குச் சந்தோஷப்பட்ட அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: நினைவு தப்பி ஏதோ ஆஸ்பத்திரியில் கிடந்த மாரிசெல்வி மெல்லக் கண்

வேண்டாம். அந்தப் பொய்யை வள்ளித்தாய் நம்பிவிடுவார்.

இதுவரைதான் என்னால் வர முடிந்தது: வள்ளித்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை முனியராஜ் கையில் இருந்தது. வள்ளித்தாய் இழுக்கவில்லை. முனியராஜ் விடவுமில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

எங்கே வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வளைவில் வையுங்கள் என்றால், முனியராஜின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், வள்ளித்தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.