காப்பு கட்டிய எட்டு நாட்கள்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டு, "இந்த வயசு அப்படி" என்பார்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என் வேலை அப்படி. தில்லியை ஒட்டிய நொய்டாவில் ஒரு செய்தி நிறுவனத்தில், வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் பொய்யா மெய்யா என்று பார்த்துச் சொல்லும் குழுவில் இருக்கிறேன். மூன்று வருடத்தில் கண்ணீர் விட்ட சிலைகள் மட்டும் பதினொன்று என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஒன்றுகூட உண்மையில் அழவில்லை.

அப்படிப்பட்ட நான் போன ஆடி மாதம் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு எட்டு நாள் இருந்தேன். காரணம் வீராயிக்கா.

வீராயிக்கா தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் பத்து வருடமாகச் சமையல் செய்கிறார். என்னைவிட எட்டு வயதுதான் பெரியவர், ஆனால் இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர். ஜூன் மாதம் கேம்ப்பை இடித்தார்கள். பாதிப் பேருக்கு அரசாங்கம் நரேலாவில் மாற்று வீடு கொடுத்தது, மீதிப் பேருக்கு இல்லை. வீராயிக்காவுக்கு இல்லை. இப்போது திரிலோக்புரியில் ஓர் அறை எடுத்திருக்கிறார். இடித்த அன்று காலை அவர் முதலில் வெளியே தூக்கி வந்தது டிவியை அல்ல, துணி மூட்டையை அல்ல, கேம்ப் மாரியம்மனின் பித்தளைக் கரகத்தை.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அடுத்த வாரம் சமையலறையில் நின்று அவரிடமே காட்டினேன்.

"வருஷா வருஷம் கூழ் ஊத்தினீங்களே. வீட்டக் காப்பாத்தினாளா உங்க ஆத்தா?"

கேட்டவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீராயிக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவளுக்குந்தான் பாப்பா எடம் போச்சு," என்றார்.

கடவுள் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு நான் எத்தனையோ பதில் கேட்டிருக்கிறேன். கர்மா, சோதனை, போன ஜென்மம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் மறுபதில் உண்டு. இதற்கு இல்லை. வீடு இழந்தவள் வீடு இழந்த இன்னொருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அன்று முதல் எனக்கு வீராயிக்காமேல் ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம் பொறாமையும்கூட.

ஆடி பிறந்ததும் அவர் தினமும் போனில் யாரையாவது தேடிக்கொண்டிருந்தார். கேம்ப்பில் ஏழு சந்து. கூழ் ஊற்றுவதற்கு எட்டு நாள் முன்னால் சந்துக்கு ஒருவர் கையில் காப்பு கட்டவேண்டும். ஏழு கை சேர்ந்தால்தான் கூழ்ப் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். ஆறு பேரைப் பிடித்துவிட்டார். ஏழாவது சந்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

அம்மாவிடம் கேட்டார். தினமும் ஒரு மணி நேரம் பூஜை செய்கிற என் அம்மா இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ, அது துடியான தெய்வம் வீராயி. ஏதாவது குத்தம் ஆயிடுத்துன்னா நம்மால தாங்கமுடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எனக்குப் பயமில்ல, வேணும்னா எனக்குக் கட்டுங்க. ஆனா நான் நம்பமாட்டேன்கா."

"உன் நம்பிக்கைய யாரு கேட்டா? கையத்தான கேக்குறேன்," என்றார் வீராயிக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை திரிலோக்புரி அறையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருந்த கரகத்துக்கு முன்னால் எனக்குக் காப்பு கட்டினார். மஞ்சளில் நனைத்த கயிறு, நடுவில் ஒரு வேப்பிலை. கறி மீன் கூடாது, அது எங்கள் வீட்டில் எப்போதும் கிடையாது. கோபப்படக் கூடாது, அது எனக்குக் கஷ்டம். மூன்றாவதாக, எல்லை தாண்டக் கூடாது.

"எது எல்லை?"

"நம்ம ஊர் எல்லதாம்மா. கூழ் ஊத்துற வரைக்கும் தாண்டாத, போதும்."

வீட்டுக்கு வந்ததும் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எதையும் சரிபார்க்காமல் விடுவதில்லை நான். தில்லி எல்லை நியூ அசோக் நகர் மெட்ரோ நிலையத்தோடு முடிகிறது. அடுத்த நிலையம் நொய்டா, உத்தரப் பிரதேசம். அந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை என்பதால் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை மதியம் ப்ரணவ் கூப்பிட்டான். எங்கள் பிரிவின் மேலாளர், துவாரகாவில் வளர்ந்த தமிழன்.

"அபூர்வா, குட் நியூஸ். குழுத் தலைவர் போஸ்ட்டுக்கு நீயும் நரேனும்தான் லிஸ்ட்ல. புதன்கிழமை பம்பாய்லேர்ந்து எடிட்டர் வர்றா. பதினோரு மணி. நேர்லதான் பாப்பாளாம், வீடியோ கால்லாம் கிடையாது. அச்சா?"

"அச்சா," என்றேன். நான் மூன்று வருடமாகக் காத்திருந்த பதவி அது.

இரண்டு நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். கயிறு கயிறுதான். எல்லை என்பது மனிதன் போட்ட கோடு, அதிலும் மாநில எல்லை அரசாங்கம் போட்ட கோடு. நான் தாண்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மன் இல்லை என்பதால் அம்மனுக்கும் தெரியப்போவதில்லை. இதில் ஓட்டை எதுவும் இல்லை என்று புதன் காலை நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன். சுடிதாரின் கையைக் கயிற்றின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். தப்பில்லை என்றால் எதற்கு மறைக்கிறேன்?

நியூ அசோக் நகரில் கதவு திறந்தது. அடுத்தது நொய்டா செக்டர் பதினைந்து என்று அறிவிப்பு வந்தது. அம்மன் என் கண்முன் வரவில்லை. வந்தது, போனில் ஆளாளுக்குக் கெஞ்சி ஆறு கைகளைச் சேர்த்துவிட்டு, ஏழாவதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வீராயிக்காவின் முகம். கட்டிக்கொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நாள் முழுவதும் மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா முன்னால் எப்படி நிற்பேன்?

இறங்கிவிட்டேன். கதவு மூடியது.

நடைமேடையில் உட்கார்ந்து ப்ரணவைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"நீயா?" என்றான். "ஏதாவது ஜுரம்னு சொல்லேன். அதையாவது நான் அவங்ககிட்ட சொல்லலாம்."

"ஜுரம் இல்லியே."

"சரி போ. உன் இஷ்டம்."

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. குழுத் தலைவர் நரேன். வாழ்த்து அனுப்பிவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அம்மாவிடம் சொல்லவில்லை, வீராயிக்காவிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூழ், நரேலாவில் புது வீடுகளுக்கு நடுவே இருந்த பொட்டல் வெளியில். தில்லியின் வடக்கு மூலை. நானும் வீராயிக்காவும் விடியற்காலையில் கிளம்பி, கரகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் போனோம். கேம்ப் ஜனம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இரண்டு மாதமாக ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், அழுதுகொண்டே வெங்காயம் உரித்தார்கள். யாரும் யாருக்கும் வேலை சொல்லவில்லை. எல்லாருக்கும் அவரவர் வேலை தெரிந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. இடித்தது சுவர்களைத்தான், கேம்ப் இதோ இருக்கிறது என்று தோன்றியது.

கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டிருந்த பெரியவர் கையிலும் காப்பு இருந்தது. ஜம்பு என்று பெயர், மூன்றாம் சந்து. பேச்சுக்கு, "நீங்களும் நரேலாதானா?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க குடுத்தாங்க? நான் நொய்டாவுல கெடக்கேன். ஹரோலா."

"நொய்டாவா? இந்த எட்டு நாளுமா?"

"பின்ன? தெனம் அங்கதான தூங்கி எந்திரிக்கேன்."

அகப்பையைப் பிடித்திருந்த வீராயிக்காவிடம் ஓடினேன். "அக்கா, எல்லை தாண்டக் கூடாதுன்னீங்களே. இவர் நொய்டாங்கறாரே!"

"ஆமா. காப்பு கட்டுன சாந்தி ஃபரிதாபாத்து. அதுக்கென்ன?"

"அது தில்லி இல்லக்கா."

"தில்லின்னு நான் சொன்னனா?" அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "முன்னெல்லாம் கேம்ப்பு பக்கத்துச் சாக்கடைப் பாலந்தான் எல்ல. இப்ப எல்லாரையும் மூலைக்கு ஒண்ணா தூக்கிப் போட்டாச்சு. எங்க ஆளு எதுவரைக்கும் கெடக்கோ அதுவரைக்கும் ஊருதான். காப்பு கட்டுறதுக்கு மொத நாள் ராத்திரியே ஆத்தாகிட்ட சொல்லிட்டேன், கொஞ்சம் பெருசாயிடிச்சுன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் பாப்பா? நீ ஆபீஸ் போவலையா?"

சொன்னேன். போனில் பார்த்த வரைபடம், புதன்கிழமை, பதினோரு மணி, நியூ அசோக் நகர், நரேன் எல்லாம் சொன்னேன். அகப்பை அப்படியே நின்றது.

"அடிப் பாவி. என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? போன்ல இருக்குற அந்த நக்சாவப் போய் பாத்தியாக்கும்!"

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படக் கூடாது என்பது நினைவுக்கு வந்து இன்னும் அதிகமாக வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே அவரை வியக்காமல் இருக்கமுடியவில்லை. நான் அரசாங்கத்தின் கோட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த அக்கா ஒரு பைசா செலவில்லாமல் ஒருவரையும் வெளியே விடாமல் ஊரை அகலமாக்கியிருக்கிறார்.

"ஆத்தா இதக் கேக்கலியே பாப்பா," என்றார். "இவ்ளோ பெரிசா அவ கேக்கமாட்டா."

"அவளுக்காக இல்லக்கா. நீங்க கேட்டீங்க."

வீராயிக்கா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சண்டைக்குப் போகிற குரலில் கத்தினார்.

"யோவ் ஜம்பு மாமா! ஏழாவது சந்து எங்கன்னு இனி யாரும் கேக்காதீங்க. மயூர் விஹார்ல இருக்கு!"