டிரைவரின் குரல்

தையல்காரியின் கணவர் பஸ் டிரைவர். தொண்டையில் வந்த கட்டிக்காக அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா சொன்னபடி, வீட்டுக் கம்ப்யூட்டரில் வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் போனில் தட்டுவதை அவர் குரலிலேயே பேசவைக்கலாமாம்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

கறுப்புத் திரையின் மூலையில் ஒரு வெள்ளைக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அணைத்தாள், போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். உள்ளே டக், டக்கென்று சத்தம் வந்தது. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழிப்பதற்குள் பெட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் பெட்டியில் காது வைத்துக் கேட்டார். அவர் முகம் சுண்டிப்போனது.

“எத்தனை தடவை ஆன் பண்ணீங்க, அக்கா?”

“அதையெல்லாம் எண்ணவா முடியும்? உயிரு போய் உயிரு வருது எனக்கு.”

“ஹார்ட் டிஸ்க் அடிவாங்கியிருக்கு. போடப் போட இன்னும் கெடும். வேற எங்கயாவது காப்பி இருக்கா?”

“நாளைக்கு எடுத்துக்கலாம், நாளைக்கு எடுத்துக்கலாம்னே இருந்துட்டேன் தம்பி. பெட்டி எக்கேடோ கெட்டுப் போகட்டும். அவர் குரலை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க.”

அவர் டிஸ்க்கைக் கழற்றித் தன் மிஷினோடு இணைத்தார். ஒவ்வொரு ஃபைலாகப் பென்டிரைவுக்கு எறும்புபோல் ஊர்ந்து வந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. திடீரென்று டக்கென்ற சத்தமும் அடங்கிவிட்டது. அவர் என்னென்னவோ செய்துபார்த்தார்.

“இவ்வளவுதான் அக்கா. கால்வாசிகூடத் தேறல.”

கிடைத்ததில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு இருமல். பிறகு, “அம்மா தாயே, அந்தத் தையல் மிஷினைக் கொஞ்சம் நிறுத்து. நான் பேசுறது எனக்கே கேக்கல.” பின்னால் அவளே சிரிப்பது கேட்டது. அவள் கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வழியிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். “இவ்வளவு கொஞ்சமாவா? கொண்டுவாங்க, பாக்கலாம். ஆனா வாக்குக் குடுக்க முடியாதும்மா,” என்றார் அவர்.

வீட்டில் கணவர் விழித்திருந்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

“நான்தான் கெடுத்துட்டேங்க. அப்பவே காப்பி எடுத்திருக்கணும்.”

அவர் போனை எடுத்துத் தட்டினார். அதற்குள்ளிருந்து யாரோ ஒரு பெண், செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள்: “அழாதே. கிடைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.”

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை பீறிட்டது.