தேமல் தொட்ட கை

அடி அண்ணாமலையில், சக்கரபாணியின் தக்காளித் தோட்டத்து வரப்பில் ஆராயி விடிந்ததிலிருந்து வேலைக்காகக் காத்திருந்தாள். வேப்பங்கிளையில் கட்டிய ஏணையில் அவள் குழந்தை சிணுங்கியது. பக்கக் கொழுந்து கிள்ளுவது அவள் வேலை. அவள் கிள்ளிய சாலெல்லாம், வரிசை வரிசையாக, இலைகள் மஞ்சள் திட்டுகளாகத் தேமல் விழுந்து சுருங்கின.

"உன் கையே சரியில்ல. இனிமே வராத" என்றார் சக்கரபாணி.

ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்திருந்த வேதா, நோய்ப்பட்ட இலையை அரைத்து, அந்தச் சாற்றைத் தொட்டியிலிருந்த புகையிலைச் செடியின் ஓர் இலையில் தேய்த்தாள். ஆராயி எழுந்து கிட்டே வந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"தேமல்ல பல வகை இருக்குதுங்க. பூச்சியால பரவுறதுனா இந்த இலை சும்மா இருக்கும். கையால ஒட்டுறதுனா புள்ளி விழும்."

"அப்ப என் கையயும் தேய்ச்சுப் பாருங்க."

வேதா சிரித்தபடி அவள் விரல்களை இன்னோர் இலையில் தேய்க்கச் சொன்னாள். பிறகு சக்கரபாணியின் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "உங்க பொடியும் கொஞ்சம் குடுங்க சார்."

"மூக்குப்பொடிக்குமா ஜாதகம்?" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். அதையும் தண்ணீரில் குழைத்து மூன்றாவது இலையில் தேய்த்தாள்.

அடுத்த வாரம் வேதா தொட்டியோடு வந்தாள். ஆராயியும் குழந்தையோடு வந்திருந்தாள். ஆராயி தேய்த்த இலை பச்சையாகவே இருந்தது. மற்ற இரண்டிலும் ஒரே மாதிரி பழுப்புப் புள்ளிகள்.

"பொடிக்கு அரைச்ச புகையிலையிலயே இந்த நோய் இருக்குதுங்க. பொடி போட்ட கையோட தெனம் செடியத் தடவிப் பாக்குறீங்க. உங்க கைலேர்ந்து செடிக்கு வந்துச்சு. கொழுந்து கிள்ளுறப்ப சால் முழுக்க ஒட்டிக்கிச்சு."

சக்கரபாணி மலையைப் பார்த்தார். "சரி, அதுக்கு என்ன பண்ணணும்?"

"பால்ல கை நனைச்சுட்டுத் தொட்டா அவ்வளவா பரவாது."

மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு குண்டான் நிறையப் பால் வந்தது. "தண்ணி கலக்காத பாலு. வீணாக்காம வேலயப் பாரு" என்றார் ஆராயியிடம். அவர் கையிலிருந்த பொடி டப்பா மடிக்குப் போனது.

ஆராயி இரண்டு கைகளையும் பாலில் முக்கினாள். சாலுக்குப் போகும் வழியில் ஏணைக்குள் எட்டிப் பார்த்தாள். விடியற்காலையில் குடித்த கஞ்சித்தண்ணீரோடு கிடந்த குழந்தை, அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"எச்சில் பட்ட கையால செடியத் தொடாதீங்க. மறுபடி நனைச்சுக்குங்க" என்றாள் வேதா. பிறகு சக்கரபாணியிடம் திரும்பினாள். "எத்தன தடவை பட்டாலும் நனைக்கணுங்க."

அவர் தலையாட்டினார். ஆராயி குண்டானுக்குத் திரும்பி வந்தாள். ஏணைத் துணியை விலக்கிக்கொண்டு குழந்தை வாயைத் திறந்திருந்தது.